நீரோரத்து வீடா, நீர் தெரியும் வீடா? மலையகத்தில் காணி பார்க்கும் முன்

பல வருடங்களுக்கு முன் மலையகத்தை விட்டுக் கொழும்புக்கும் வத்தளைக்கும் போய்க் கடை வைத்தவர்கள், வேலை பார்த்தவர்கள் பலர் இப்போது திரும்பி வர நினைக்கிறார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற பிள்ளைகள் “ஊர்ப் பக்கம் ஒரு வீடு இருக்கட்டும்” என்று காசு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். விசாரித்தால் பெரும்பாலும் ஒரே ஆசைதான்: தண்ணீர் ஓரமாக ஒரு வீடு, வாசலில் கட்டி வைக்க ஒரு படகு. என் அக்காவும் மச்சானும் அந்த ஆசையோடுதான் இடம் தேடுகிறார்கள். நான் ஹட்டன் பக்கம் இருப்பதால் காணி பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் சொன்னவற்றையும், போன இடங்களில் கேட்டறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். ஒரு வாழ்நாள் சேமிப்பு போய்ச் சேரும் விஷயம் இது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் வீட்டையும் படகையும் ஒரே முடிவாக எடுக்க வேண்டாம். வீட்டுக்கு நல்ல மண் ஒரு இடத்தில் கிடைக்கும், படகுக்கு நல்ல தண்ணீர் வேறு இடத்தில் கிடைக்கும். இரண்டும் ஒரே வாசலில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் இரண்டிலும் மட்டமானதுதான் கைக்கு வரும்.

கடற்கரையும் டேம் கரையும்

திருகோணமலை, நிலாவெளிப் பக்கம் கடலோரம் காணி வாங்குகிறவருக்கு ஒரு நிச்சயம் உண்டு. இலங்கைக் கரையில் நீர் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராது. அலை கரையை அரிக்கலாம், 2004இல் போல ஆழிப்பேரலையும் வரலாம். ஆனால் ஜனவரியில் வாசலில் இருந்த கடல் ஏப்ரலில் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் போய் நிற்காது. சட்டமும் அங்கே ஓரளவு தெளிவாக இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீட்டர் வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும்.

மலையில் கதை வேறு. விக்டோரியா நீர்த்தேக்கம் நிரம்பி நிற்கும்போது அதன் நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 438 மீட்டர். மின்சாரம் எடுப்பதற்காக இறக்கக்கூடிய அடிமட்டம் 370 மீட்டர். கொத்மலையில் மேல்மட்டம் 703, அடிமட்டம் 665. முன்னதில் 68 மீட்டரும் பின்னதில் 38 மீட்டரும் தண்ணீர் ஏறி இறங்க இடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அடிவரை போவதில்லைதான். பத்துப் பன்னிரண்டு மீட்டர் இறங்கினாலே போதும், சரிவு குறைந்த கரையில் உங்கள் வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவே செம்மண் வெளி விரிந்துவிடும். அதில் மாடு மேயும், பையன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள், படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும்.

காரணம் ஒன்றுதான். நம் மலைகளில் உள்ள பெரிய நீர்நிலைகள் ஏறக்குறைய எல்லாமே மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. கெஹல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ, நோர்ட்டன் பிரிட்ஜில் 1965இல் இயங்கத் தொடங்கிய விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொடுக்கிறது. மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுசாக்கலை, கென்யன் மின்நிலையத்துக்குக் கொடுக்கிறது. கொத்மலையும் விக்டோரியாவும் 1985இல் முடிந்த மகாவலித் திட்டங்கள். அவை மின்சாரத்தோடு கீழே வயலுக்கும் தண்ணீர் விட வேண்டும். நாட்டில் மழை குறைந்து மின்சாரத் தேவை கூடும் மாதங்களில் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏரி இறங்கும். அதை யாரிடமும் முறையிட முடியாது, முறையிடுவதும் நியாயமில்லை. அந்தத் தண்ணீர் அதற்காகத்தான் அங்கே நிற்கிறது.

காணி புரோக்கர்மார் இதைச் சொல்வதில்லை. டேம் நிரம்பி வழிகிற மாதத்தில்தான் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆகவே முதல் வேலை: ஒரே காணியை இரண்டு பருவத்தில் பாருங்கள். பெப்ரவரி, மார்ச்சில் ஒரு தடவை போனால் தண்ணீர் எவ்வளவு தூரம் போகிறது என்று தெரியும். தென்மேற்குப் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில் ஒரு தடவை போனால் மேட்டுத் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, ரோட்டு நிலைக்கிறதா, வீட்டுச் சுவரில் பூஞ்சணம் எந்த உயரம்வரை ஏறுகிறது என்று தெரியும். இரண்டாவது பயணம்தான் முக்கியம் என்பேன்.

யாருடைய காணி?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

நீர்த்தேக்கம் நிரம்பும் கோட்டுக்கு மேலே ஒதுக்கு நிலம் என்று ஒரு பட்டை உண்டு. அது அரசுடையது. அதில் வீடு கட்ட முடியாது, வேலி அடைக்க முடியாது, இறங்குதுறை போட முடியாது. மகாவலி நீர்த்தேக்கங்களில் மகாவலி அதிகார சபையும், காசல்ரீ, மவுசாக்கலைப் பக்கம் மின்சாரத் துறையும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. “கரைவரை நம்ம காணிதான்” என்று யாராவது சொன்னால், நில அளவையாளரின் வரைபடத்தை வாங்கி எல்லை எங்கே முடிகிறது என்று பாருங்கள். பத்தில் ஒன்பது தடவை எல்லை ஒதுக்கு நிலத்துக்கு இந்தப் பக்கமே முடிந்திருக்கும். அப்படியானால் நீங்கள் விலை கொடுப்பது காட்சிக்கு. நீரோரம் என்ற பெயரில் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்தது தோட்டக் காணி. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இல் வந்த திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992க்குப் பிறகு கம்பனிகள் அவற்றை நடத்துகின்றன, ஆனால் குத்தகைக்குத்தான். காசல்ரீ, மவுசாக்கலையைச் சுற்றி நீங்கள் பார்க்கும் தேயிலை மலைகளில் பெரும்பகுதி இந்த வகை. அதில் ஒரு துண்டை யாரும் உங்களுக்கு உறுதி எழுதிக் கொடுக்க முடியாது. ஏரியைப் பார்த்த பழைய துரைமார் பங்களாக்கள் ஹோட்டல்களாக மாறியிருக்கின்றனவே என்று கேட்பார்கள். அங்கே நிலத்தின் உரிமை எப்படி இருக்கிறது என்பது வேறு கதை. அதைப் பார்த்து நம் கையில் இருக்கும் இருபது பேர்ச்சை அளக்கக் கூடாது.

தோட்டக் குடும்பங்களுக்கு வீடு கட்டக் கொடுத்த ஏழு பேர்ச் காணிகளை வாங்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் பதில். அவை நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்டவை. கைமாற்றினால் பத்திரம் நிற்காமல் போகலாம். இன்னொன்றும் இருக்கிறது. இருநூறு வருடம் இந்த மண்ணில் உழைத்த சனத்துக்கு ஒருவழியாகக் கிடைத்த அந்த ஏழு பேர்ச்சை, வசதி வந்த நாமே போய் விலை பேசி வாங்குவது சரியில்லை. லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பம் மறுபடி லயத்துக்கே போகிற நிலையை நம் காசு உண்டாக்கக் கூடாது.

கொத்மலை, விக்டோரியாப் பக்கம் பெர்மிட் காணிகள் நிறைய உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை அவை. அந்தப் பெர்மிட்டையோ அளிப்பையோ வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது, அரசின் எழுத்து அனுமதி வேண்டும். “அட்டர்னி பவர் தருகிறோம், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, எஞ்சுவது தனியார் உறுதிக் காணி. டவுன்களை ஒட்டியும் பிரதான ரோட்டோரத்திலும் பழைய சிறு தோட்டங்களைப் பிரித்த இடங்களிலும் அது இருக்கிறது. நம்மைப் போன்றவர்கள் பார்க்க வேண்டியது இதை மட்டும்தான். காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவுகளை நொத்தாரிசு மூலம் எடுத்துப் பாருங்கள். பிம்சவிய என்ற அரசுத் திட்டத்தில் அளந்து பதிந்து கொடுத்த உரிமைச் சான்றிதழ் இருக்கும் இடமென்றால் வேலை இலகு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுப் பிரஜை இலங்கையில் காணியை வாங்கிச் சொந்தமாக்க முடியாது, 99 வருடம்வரை குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே கனேடியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் மகன் பெயரில் எழுதலாம் என்று திட்டமிட்டால் அதை இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். இரட்டைப் பிரஜாவுரிமை எடுத்த பிறகு வாங்கலாம், அல்லது இங்கே இருக்கும் பெற்றோர் பெயரில் வாங்கலாம்.

காசல்ரீயும் மவுசாக்கலையும்

அழகைக் கேட்டால் காசல்ரீதான். டிக்கோயாவிலிருந்து நோர்வூட் போகும் ரோட்டில், 1878இல் கட்டிய வார்லி தேவாலயத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஏரி பல கைகளாகத் தேயிலை மலைகளுக்குள் நுழைந்து போவது தெரியும். ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரம். குளிர் உண்டு, நுவரெலியா அளவுக்கு இல்லை. சுற்றிலும் நம் சனம், நம் பேச்சு. ஹட்டன் மாணிக்கப் பிள்ளையார் கோயில், பாடசாலைகள், கடைகள், ரயில் எல்லாம் அருகில். டிக்கோயாவில் ஆதார வைத்தியசாலை இருக்கிறது. சொந்தபந்தம் சூழ இருக்க வேண்டும் என்றால் இதற்கு ஈடாக வேறு இடம் இல்லை.

குறையும் உண்டு. மழை பொழிகிறது என்று சொன்னால் போதாது. பக்கத்தில் இருக்கும் வட்டவளை நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை துணி காயாது, அலுமாரிக்குள் வைத்த செருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். இழுப்பு, மூட்டுவலி உள்ளவர்கள் இதை இலேசாக எடுக்கக் கூடாது. இரண்டாவது, சிவனொளிபாதமலை சீசன். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை, அதிலும் சனி ஞாயிறும் போயா நாளும் சேர்ந்தால், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிவரை ரோடு முழுக்க பஸ்தான். அவசரமாக ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதை மனதில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது, உறுதிக் காணி மிகக் குறைவு. இருக்கிற கொஞ்சமும் ரோட்டோரச் சரிவுகளில்தான்.

மவுசாக்கலை இன்னும் பெரிய நீர். 1969இல் அணை முடிந்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. நீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயிலும் மற்ற வழிபாட்டிடங்களும் வெளியே தெரியும், சனம் போய்ப் பார்க்கும். மஸ்கெலியாவில் பிறந்த வயதானவர்களுக்கு அது வேடிக்கை இல்லை, தங்கள் தெருவை மறுபடி பார்ப்பது. படகு விடுகிறவர் இதிலிருந்து எடுக்க வேண்டிய செய்தியும் உண்டு: வற்றிய மாதத்தில் அந்தச் சுவர்களும் மரக்கட்டைகளும் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே மறைந்திருக்கும். வேகமாகப் போகிற மோட்டார் படகின் அடி கிழிய அது போதும்.

கொத்மலை

கொத்மலை நடுவில் நிற்கிறது. காசல்ரீயை விடச் சூடு, விக்டோரியாவை விட ஈரம். கம்பளை, நாவலப்பிட்டி இரண்டும் எட்டும் தூரத்தில். விலையும் மற்ற இடங்களை விடக் கொஞ்சம் பணிவு. ஆசை வரும்.

ஆனால் இங்கேதான் நான் அக்காவை நிறுத்தினேன். கொத்மலை, புசல்லாவை, ரம்பொடைப் பக்கத்துச் சரிவுகள் நீண்டவை, தண்ணீர் ஊறியவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் பட்டதை எல்லோரும் பார்த்தோம். கம்பளையிலிருந்து நுவரெலியா போகும் ரோடு பல இடங்களில் அறுந்தது, கம்பளை டவுனுக்குள் மகாவலி புகுந்தது. அந்தப் பக்கத்தில் நல்ல காணியே இல்லை என்று சொல்லவில்லை. மேட்டு முதுகில், பாறை பிடித்த இடத்தில் உறுதியான துண்டுகள் உண்டு. ஆனால் தூரத்திலிருந்து போட்டோ பார்த்து வாங்கக் கூடிய ஊர் இல்லை இது. கூட ஒரு பொறியியலாளரை அழைத்துப் போகாமல் இங்கே ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

விக்டோரியா: திகன, ராஜவெல, தெல்தெனிய

அணை 122 மீட்டர் உயரம், நாட்டிலேயே உயரமானது. பிரிட்டிஷ் உதவியில் கட்டி, 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் வந்து திறந்தார். பழைய தெல்தெனிய டவுன் இதற்குள் போனது. இங்கே நீர்நிலை பெரியது, மலைகள் தூரத்தில் நக்கிள்ஸ்வரை தெரியும். காற்று உலர்ந்தது. தென்மேற்கு மழை இங்கே வந்து சேரும்போது அதன் பலம் குறைந்திருக்கும். இந்தப் பக்கத்துக்குப் பெரிய மழை வருட இறுதியில்தான், ஆகவே மழைக்காலப் பயணத்தை இங்கே அப்போது வையுங்கள். துணி காயும், சுவர் காயும், முழங்கால் வலி குறையும்.

கண்டி அருகில் இருப்பது பெரிய பலம். வயது அறுபதைத் தாண்டியவருக்கு இதய வைத்தியரும் கண் வைத்தியரும் எவ்வளவு தூரத்தில் என்பதுதான் முதல் கேள்வி, ஏரி அப்புறம். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனையும் ஒரே பயணத்தில். வெள்ளிக்கிழமை கட்டுக்கலை செல்வ விநாயகர் கோயிலுக்குப் போய்வரலாம். ராஜவெல, திகனப் பக்கம் தமிழ்க் குடும்பங்களும் இருக்கின்றன, ஆனால் ஹட்டன் போலத் தெருவெல்லாம் தமிழ் கேட்காது. அக்காவுக்கு அதுதான் உறுத்தல். மச்சான் “கண்டிச் சந்தைக்குப் போனால் தமிழ் கேட்கலாம்” என்று சமாதானம் சொல்கிறார்.

மூன்று விஷயத்தைப் பார்க்க வேண்டும். தென்கரைப் பக்கம் 1987இல் அறிவித்த விக்டோரியா–ரந்தெனிகலை–ரந்தம்பை சரணாலயம் இருக்கிறது. அதன் எல்லையை ஒட்டிய காணியென்றால் வனசீவராசித் திணைக்களத்திடம் கேட்காமல் போக வேண்டாம். 2020 ஆகஸ்டிலிருந்து டிசம்பர்வரை திகனப் பக்கம் சிறு நில அதிர்வுகள் சில உணரப்பட்டன. பெரிய சேதம் இல்லை, ஆனாலும் கட்டிய வீட்டை வாங்குவதானால் சுவர் வெடிப்புகளைச் சாந்து பூசி மறைத்திருக்கிறார்களா என்று கட்டுமானம் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பது நல்லது. கடைசியாக, முன்னே சொன்ன 68 மீட்டர். இங்கே தண்ணீர் பின்வாங்குவது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆகவே கீழே போய்க் கரையைத் தேடாமல் மேட்டில் நின்று காட்சியை வாங்குங்கள்.

கிரகரி ஏரி

நீர்மட்டம் அதிகம் அலையாத ஏரி வேண்டும் என்றால் நுவரெலியா கிரகரி. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல் உண்டாக்கியது. அன்னப்பறவைப் படகு, மோட்டார் படகு எல்லாம் வாடகைக்கு இருக்கின்றன. ஆனால் ஏரியைப் பார்த்த காணி மலையகத்திலேயே அதிக விலை. ஏப்ரல் வசந்த காலத்தில் வீட்டு வாசலில் கார் நிறுத்த இடம் இராது. 1,868 மீட்டர் உயரத்தில் ஜனவரிக் குளிரில் புல்லில் உறைபனி பிடிக்கும். சுற்றிலும் உள்ள மரக்கறித் தோட்டங்களிலிருந்து மண்ணும் பசளையும் வந்து சேர்வதால் பாசியும் களையும் பெருகுகின்றன. வாடகைக்கு விடும் வீடாக வாங்குகிறவருக்கு இது சரி. வயோதிபத்தில் வாழ வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை 2012இல் வந்தது. சிறிய தேக்கம், படகுக்கு உதவாது. கண்டி வாவி ஓரம் வீடு என்பது மரபுரிமை நகரத்தின் கட்டுப்பாடுகளுக்குள் வாழ்வது. நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டாத விலையும்கூட.

படகு

படகை ஆசையாகக் கேட்கிறவர் மச்சான்தான். தங்கூசி போட்டு மீன் பிடிக்க வேண்டும், பேரப்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும். நல்ல ஆசை. அதை நிறைவேற்ற மூன்று வழி இருக்கிறது.

ஃபைபர் படகும் இயந்திரமும் சொந்தமாக வாங்குவது முதல் வழி. அனுமதிதான் இங்கே முட்டுக்கட்டை. நீர்த்தேக்கத்தைப் பராமரிப்பவர்களிடமிருந்து எழுத்தில் வாங்க வேண்டும். “எல்லோரும் விடுகிறார்களே” என்பது அனுமதி ஆகாது. பெட்ரோலும் ஒயிலும் தண்ணீரில் கலப்பதை அவர்கள் விரும்புவதில்லை, கீழே எத்தனையோ ஊர் அதைக் குடிக்கிறது. பிறகு, இறக்கி ஏற்ற வழி வேண்டும். நிரம்பிய காலத்தில் இறக்கிய இடத்தில் மார்ச் மாதம் சேறுதான் இருக்கும். வருடத்தில் பாதி நாள் தார்ப்பாய்க்குள் கிடக்கும் படகுக்கு இவ்வளவு காசு கொட்டுவது வீண்.

இரண்டாவது, கயாக். இரண்டு பேர் தூக்கலாம், காற்றடிக்கும் வகையென்றால் கார் டிக்கியில் போடலாம், தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே கொண்டு போகலாம். காசல்ரீயின் உள்கைகளில் அதிகாலையில் காற்று எழுவதற்கு முன் துடுப்புப் போடுவது போல் சுகம் வேறில்லை. இதற்கும் அனுமதி கேட்டே இறங்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது, நீச்சல் தெரிந்தவரும்தான். மலைத் தண்ணீர் குளிர்ந்தது, கரை திடீரென்று ஆழமாகும், மத்தியானத்துக்குப் பிறகு பள்ளத்தாக்கு வழியே காற்று சட்டென்று இறங்கும். அணைக்கும் தண்ணீர் எடுக்கும் வாய்க்கும் கிட்டவே போகக் கூடாது. அணைக்குக் கீழே ஆற்றில் இறங்குவது அதைவிட ஆபத்து. மேலே வான்கதவு திறந்தால் நிமிடத்தில் வெள்ளம் வரும், சைரன் கேட்டால் கேள்வி இல்லாமல் மேடேற வேண்டும்.

மூன்றாவது, வாடகை. கிரகரியில் பேரப்பிள்ளைகளோடு ஒரு மணி நேரம், அல்லது ஏரியில் வலை போடும் மீன்காரரோடு பேசி ஒரு காலை. திலாப்பியா அங்கேயே வாங்கி வந்து குழம்பு வைக்கலாம். மச்சானுக்கு நான் சொல்வது, முதல் வருடம் இந்த மூன்றாவது வழியிலேயே போகட்டும். ஆசை அப்போதும் குறையாவிட்டால் கயாக் வாங்கலாம்.

மண் சொல்வதைக் கேளுங்கள்

எந்த இடமானாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய அறிக்கை இல்லாமல் மலையகத்தில் வீடு கட்டக் கூடாது. மண்சரிவு மாவட்டங்களில் கட்டட அனுமதிக்கே அது தேவை. அதை அனுமதிக்கான ஒரு கடதாசியாக நினைத்துக் கடைசியில் எடுக்க வேண்டாம். வாங்கும் முன் எடுங்கள். 2014இல் மீரியபெத்தையில் ஒரு காலைப்பொழுதில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டு இந்த மலையில் யாரும் அத்திவாரம் வெட்டக் கூடாது.

அறிக்கை வரும்வரை உங்கள் கண்ணாலும் பாருங்கள். மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து வளைந்து நிற்கின்றனவா, மேட்டில் புது வெடிப்பு உண்டா, கோடையிலும் ஊற்று கசிகிறதா, மேலே உள்ள தோட்டத்தின் கான்கள் தூர்ந்து கிடக்கின்றனவா. தேயிலை மலையில் கான் வெட்டிப் பராமரித்த காலத்தில் மழைத் தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. கைவிட்ட மலைக்குக் கீழே இருக்கும் காணி எவ்வளவு அழகானாலும் தள்ளி வையுங்கள். பக்கத்து லயத்தில் வயதானவர்களிடம் கேளுங்கள். எந்த வருடம் எந்த மூலை சரிந்தது என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

நீர் அருகில் இல்லாத இடம் என்றால் கவலை இல்லை என்றும் நினைக்க முடியாது. உமா ஓயாச் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. ஏரியே இல்லாத ஊரில் நிலத்தடி நீர் இறங்கிப் போய் வீடு கெட்டது. கிணற்று நீரை நம்பும் வீடானால் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும்.

எதை எடுப்பது

அறுபதைத் தாண்டிய இருவர், நிரந்தரமாக வாழ, ஒரு வீட்டுக்கு மேல் வாங்க வசதி இல்லை என்றால்: திகன, ராஜவெல மேட்டில், விக்டோரியா தெரியும் தூரத்தில், உறுதிக் காணியில் கட்டிய வீடு. வைத்தியமும் வெயிலும் இங்கே ஒன்றாகக் கிடைக்கின்றன. ஏரி காலையில் கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

சொந்தபந்தம், கோயில், தமிழ் இவைதான் உயிர் என்பவர்களுக்கு ஹட்டன், டிக்கோயா. ஏரியை விட்டு டவுனுக்குக் கிட்ட வாருங்கள். அரை மணி நேரத்தில் காசல்ரீக் கரைக்குப் போகலாம், மழைக்கால இரவில் சரிவை நினைத்து விழித்திருக்க வேண்டியதில்லை. நான் இங்கே இருப்பவன், எனக்கு இதுதான் பிடிக்கும். ஆனால் அக்காவின் மூட்டுவலியைப் பார்த்தால் திகனதான் சரி என்று தோன்றுகிறது.

வருமானத்துக்காக என்றால் நுவரெலியா. கொத்மலை, பொறியியலாளர் “சரி” என்று எழுதிக் கொடுத்த துண்டு கிடைத்தால் மட்டும்.

முற்பணம் கொடுக்கும்போது நொத்தாரிசு முன்னால் எழுதும் ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனை சேருங்கள். மண்சரிவு அறிக்கை சாதகமாக வர வேண்டும். நில அளவையாளர் மறுபடி அளந்து, எல்லை ஒதுக்கு நிலத்துக்கு வெளியே இருப்பதை உறுதிப்படுத்த வேண்டும். பொது ரோட்டிலிருந்து காணிக்கு வரும் பாதை உறுதியில் எழுதப்பட்டிருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் இருக்கக் கூடாது. ஒன்று தவறினாலும் முற்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும் என்று எழுதுங்கள். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த காணியைப் பாருங்கள். முத்திரைத் தீர்வை, நொத்தாரிசுக் கட்டணம், மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவர் இந்த மூன்றுக்கும் வேண்டிய காசைக் காணி விலையோடு சேர்த்து ஆரம்பத்திலேயே ஒதுக்கி வையுங்கள். சரிவுக் காணியில் அந்தச் சுவரின் செலவே பலருடைய கணக்கைக் கவிழ்த்துவிடுகிறது.